மருந்தடிப்பதற்கு முன் மதிலோரமாக ஒரு நடை

வடசென்னையில், கேப்டன் காட்டன் கால்வாய்க்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வளாகத்தின் பராமரிப்பைக் கவனிக்கும் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம், பள்ளி திறந்த ஒரு ஜூன் மாதக் காலை.

கோடை விடுமுறை முழுவதும் ஆளரவமில்லாமல் கிடந்த வளாகத்தில் பாம்பும் தேளும் அண்டியிருக்கும் என்ற அச்சத்தில், யாரோ ஏற்பாடு செய்த ஆள் ஒருவர் அன்று விடியற்காலையில் வந்து மைதானத்தின் ஓரங்களிலும், கழிவறையின் பின்புறத்திலும், பிள்ளைகள் கைகழுவும் குழாயடியிலும் மருந்தடித்துவிட்டுப் போயிருந்தார். காலை வணக்கக் கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இரும ஆரம்பித்தனர். ஒரு சிறுமி கண் எரிகிறது என்று அழுதாள். இன்னொருத்தி வாந்தி எடுத்தாள். அடித்தது என்ன மருந்து என்று கேட்டபோது ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. மிச்சமிருந்ததைக் குளிர்பானப் பாட்டில் ஒன்றில் ஊற்றி, கழிவறைச் சன்னலில் வைத்துவிட்டு அவர் சென்றிருந்தார். பிள்ளைகளுக்கு மாலைக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டிலை என்னால் மறக்க முடியவில்லை. தாகத்தோடு ஓடிவரும் ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அது இருந்தது.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. அந்தச் செய்தியை அப்போது படித்தவள்தான் நான். படித்தும், என் பள்ளியில் எந்த மருந்து எந்தப் பாட்டிலில் எங்கே இருக்கிறது என்று அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வாரமே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். பெற்றோர் அனைவரும் சொன்னது ஒன்றே: “கால்வாய் பக்கத்தில் இருக்கும்வரை நாம் என்ன செய்தாலும் கொசு போகாது டீச்சர்.” எலிக்கும் அதே காரணம், பாம்புக்கும் அதே காரணம். அந்தக் கால்வாய் எங்கள் பகுதியை எப்படி வைத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நோய்களின் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கால்வாயின் சாக்கடை நீரில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் வகைக் கொசு. அது இரவில் கடிக்கும்; யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது; ஆனால் டெங்குவைப் பரப்புவது அதன் வேலை அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓரளவு தெளிந்த நீரைத் தேடி, வாளி, தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் போன்றவற்றில்தான் முட்டையிடும். பகலில் கடிக்கும்; காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகமாகக் கடிக்கும். அரைக்கை சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்ட பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் கூடியிருக்கும் நேரமும் அதுதான். ஏடிஸ் வெகுதூரம் பறந்து செல்லும் கொசுவும் அல்ல. ஆகவே எங்கள் பிள்ளைகளைப் பகலில் கடிக்கும் கொசு கால்வாயிலிருந்து மதில் ஏறி வருவதைவிட, மதிலுக்கு உள்ளேயே பிறந்து வளர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை வகுப்பில் சொன்னபோது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “அப்போ எங்கே மிஸ் பொறக்குது?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, நானும் காவலர் அண்ணனும் நான்கு மாணவர்களும் மதிலை ஒட்டி வளாகத்தை ஒரு சுற்று நடந்து வருகிறோம். கையில் ஒரு கோடிட்ட நோட்டு. எங்கே, எதை, என்றைக்குப் பார்த்தோம் என்று மட்டும் எழுதுகிறோம். பிள்ளைகளின் வேலை பார்ப்பதும் எழுதுவதும்தான். எதையும் தொடக் கூடாது, எந்தப் புதரிலும் கைவிடக் கூடாது என்பது முதல் நாளே சொன்ன விதி.

முதல் மூன்று வாரங்களில் நாங்கள் கண்டவை எனக்கே வியப்பாக இருந்தன. வாலிபால் வலை கட்டும் இரண்டு இரும்புக் கம்பங்களும் மேலே திறந்த குழாய்கள். மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் கொசுப் புழுக்கள் நெளிந்தன. கொடிக்கம்பத்தின் பீடத்தில் ஒரு துளை. தூங்குமூஞ்சி மரத்தில் கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து. மொட்டை மாடியில் கவிழ்த்து வைக்காமல் விட்ட பெயின்ட் டப்பாக்கள். குடிநீர்ப் பானைக்கு அடியில் வைத்த தட்டு. கம்பங்களின் வாயை மணலால் நிரப்பிச் சிமென்ட் பூசினோம். மரப்பொந்தை மணலால் அடைத்தோம். டப்பாக்கள் குப்பைக்குப் போயின. மொத்தச் செலவு ஒரு மூட்டை மணலும் கொஞ்சம் சிமென்டும்தான்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை காய்ந்துபோன நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை என்று நாங்கள் வைத்த கணக்கு அதனால்தான். தொட்டியையும் வாளியையும் கொட்டிக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று ஆயம்மாவிடம் ஒரு முறை விளக்கினேன். இப்போது அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார்.

மாடியில் உள்ள நீர்த்தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மூடி உடைந்து, அதன் மேல் ஒரு தகரத்தை வைத்துக் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும்தான் வளர்கிறது. அது இரவில் கடிக்கும் கொசு. பள்ளி நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் அதிகக் கேடில்லை. ஆனால் இரவில் அது எங்கே போகும்? மதிலை ஒட்டி நெருக்கமாக நிற்கும் வீடுகளில், மின்வெட்டு நாளில் வாசலில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களிடம்தான். அங்கே தூங்குவதும் எங்கள் பிள்ளைகளே. ‘பக்கத்துக் கால்வாயால் நமக்குக் கெடுதி’ என்று பேசிக்கொண்டிருந்த நாங்கள், எங்கள் தொட்டியால் அந்தத் தெருவுக்குக் கெடுதி செய்துகொண்டிருந்தோம். இறுக்கமான மூடி ஒன்றையும், வழிந்தோடும் குழாயின் வாயில் கட்டக் கொசுவலைத் துண்டு ஒன்றையும் அந்த வாரமே வாங்கிவிட்டோம்.

புகை அடிப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வந்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; பின்னாலேயே ஓடுவார்கள். அதைத் தடுக்க வேண்டியது நம் கடமை. புகை அந்நேரம் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நோய் பரவும் நாட்களில் அது தேவைப்படலாம். ஆனால் வகுப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் புகை அடிக்கச் சொல்லிக் கேட்பது தவறு. காலி செய்ய முடியாத நீரில் புழுவைக் கொல்லும் மருந்தை ஊற்ற, மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்களை 1913 என்ற எண்ணில் அழைக்கலாம். அளவறிந்து ஊற்ற வேண்டியது அது. கடையில் வாங்கி நாமே ஊற்றக் கூடாது. நொச்சிச் செடி நட்டால் கொசு வராது என்ற நம்பிக்கையில் எங்கள் வளாகத்திலும் ஒரு காலத்தில் வரிசையாக நட்டார்கள். செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. வெறுமனே நிற்கும் செடி கொசுவை விரட்டியதாக எங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

எலிகளின் கதையும் இதே போலத்தான் முடிந்தது. எலியும் பெருச்சாளியும் கால்வாயிலிருந்து வருகின்றன என்றே எல்லோரும் சொன்னார்கள். வரலாம். ஆனால் எங்கள் நோட்டில் எலி வளைகள் பதிவான இடங்களை ஒரு தாளில் வரைந்து பார்த்தபோது, பத்தில் எட்டு வளைகள் கைகழுவும் குழாயடியிலிருந்து சத்துணவுக் கூடத்தின் பின்புறம்வரை ஒரே கோட்டில் இருந்தன. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, மதிய உணவோடு சேர்த்து நாளுக்கு இருமுறை பிள்ளைகள் தட்டுக் கழுவுகிறார்கள். சோற்றுப் பருக்கையும் உப்புமாவும் வடிகாலில் தேங்கி நின்றன. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை முதலில் மூடியுள்ள வாளியில் தட்டிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும் என்று மாற்றினோம். வடிகால் வாயில் சல்லடை போட்டோம். அன்றன்று மாலை நான்கு மணிக்குள் அந்த வாளி வெளியேறிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். வளைகளை உடைந்த கண்ணாடியாலும் சிமென்டாலும் அடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள் மண்ணில் விளையாடும் இடத்தில் கண்ணாடி கூடாது என்று மறுத்து, கருங்கல் ஜல்லியும் கம்பிவலையும் வைத்து அடைத்தோம். சுண்டுவிரல் நுழையும் இடைவெளி போதும் சுண்டெலிக்கு. கதவுகளின் அடியில் ரப்பர் பட்டை அடித்தது அதற்காகவே. இரண்டு மாதங்களில் புதிய வளைகள் அரிதாகிவிட்டன.

எலிக்கு விஷம் வைப்பதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நச்சு பரவி இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்றில் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளிவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்துகள் சற்று மெதுவாக வேலை செய்யும். தின்ற எலி சில நாள் கழித்து எங்கோ மூலையில் செத்து நாறும், அதைத் தின்னும் கூகையும் கீரியும் பூனையும் சேர்ந்து பாதிக்கப்படும். கூண்டுப்பொறியில் தேங்காய்ச் சில்லும் கருவாட்டுத் துண்டும் வைத்து, மாலையில் பூட்டிய பிறகு வைத்துக் காலையில் பிள்ளைகள் வருவதற்குள் எடுத்துவிடுவதே எங்கள் வழக்கம். காசிமேட்டுக்கு அருகில் கருவாட்டுக்கு என்ன பஞ்சம்?

எலி குறைந்ததும் பாம்பும் கண்ணில் படுவது குறைந்தது. எங்கள் பக்கம் அதிகம் தென்படுவது சாரை. நஞ்சில்லாதது, எலியைத் தேடி வருவது, வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆனால் இது சாரையா நல்லபாம்பா என்று அருகில் போய்த் தீர்மானிக்கும் வேலையை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. பிள்ளைகளை அகற்றிவிட்டு, ஒருவர் தூரத்தில் நின்று பாம்பின் மேல் கண் வைத்திருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பூண்டும் பினாயிலும் பாம்பைத் தடுக்கும் என்று நம்பி நிம்மதியாக இருப்பதும் ஆபத்தே. 2019-இல் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைத் தரையில் இருந்த ஓட்டைக்குள்ளிருந்து பாம்பு கடித்து ஒரு சிறுமி இறந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தாமதித்தார்கள் என்று அப்போது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் வகுப்பறைத் தரையில் இருந்த ஒவ்வொரு விரிசலையும் நான் வேறு கண்ணோடு பார்த்தேன். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பெற்றோர் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை அதில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

எல்லாப் பூச்சியையும் ஒழிக்க வேண்டியதில்லை என்பதும் இந்த நோட்டு சொல்லித் தந்ததே. ஒரு சித்திரையில், வேம்பு பூத்திருந்த சமயம், தேனீக் கூட்டம் ஒன்று கிளையில் கொத்தாகத் தொங்கியது. மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்றார்கள். உற்றுப் பார்த்தால் அங்கே அடை எதுவும் கட்டப்படவில்லை. இடம் மாறிப் போகும் கூட்டம் வழியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, காலைக் கூட்டத்தை வகுப்பறைகளுக்கு மாற்றினோம். மூன்றாம் நாள் காலை கிளை வெறுமையாக இருந்தது. அடை கட்டியிருந்தால் தீயணைப்புத் துறையைத்தான் அழைத்திருப்போம். அதுவும் பள்ளி விட்ட பிறகு. குளவிக் கூட்டுக்கும் இதே முறைதான்.

முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியை மட்டும் விட்டுவைக்க முடியாது. மழைக்குப் பிறகு பகலில் அவை அடிமரத்தில் அப்பிக்கொண்டு கிடக்கும். மயிர் பட்ட தோல் தடித்து அரிக்கும். நீண்ட விளக்குமாற்றால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது; மருந்து தேவையே இல்லை. பட்ட இடத்தைத் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் மயிர் வந்துவிடும். மழைக்காலத்தில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைப் பிள்ளைகள் ஓடு அழகாக இருக்கிறது என்று கையில் எடுக்கிறார்கள். அது மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழுவைச் சுமக்கக்கூடியது. கையுறை போட்டுப் பெரியவர்கள்தான் அகற்ற வேண்டும்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூலகத்துச் சன்னல் சட்டத்தைக் கறையான் தின்றபோது மருந்து போட்டோம். ஆனால் கேட்டுத்தான் போட்டோம். உரிமம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன, அசல் டப்பாவிலேயே கொண்டு வருவீர்களா என்று கேட்ட பிறகுதான் ஆளை அமர்த்தினோம். நம் நாட்டில் ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவின் மேலும் ஒரு நிற அடையாளம் இருக்கிறது: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பும் மஞ்சளும் எங்கள் வாயிலைத் தாண்டக் கூடாது என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதினோம். பச்சை என்றால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. கெடுதி குறைவு என்றுதான் பொருள். சிறு பிள்ளை தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது, மண்ணில் உட்காருகிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது. அதனால் வெள்ளி மாலை பிள்ளைகள் போன பிறகு மட்டுமே மருந்து. சனியும் ஞாயிறும் திறந்த சன்னல்கள். திங்கள் காலை முதல் வேலையாகக் குழாயடியும் மேசைகளும் கழுவப்படும். முந்தைய வாரமே பெற்றோருக்கு எழுத்தில் தகவல். மிச்சம் ஒரு சொட்டும் பள்ளியில் தங்கக் கூடாது.

எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸை முற்றிலும் தடை செய்திருக்கிறோம். கரும்பலகையில் எழுதும் சாக்பீஸுக்கும் அதற்கும் ஒரு முதல் வகுப்புப் பிள்ளை வேறுபாடு காணுமா? உயர் அதிகாரிகள் வரும் நாளில் மதிலோரம் கோடாகத் தூவும் பிளீச்சிங் பவுடரையும் நிறுத்திவிட்டோம். அது வெள்ளையாகத் தெரிவதால் சுத்தமாகத் தெரிகிறது. கொசுவுக்கோ எலிக்கோ அதனால் ஒன்றுமில்லை, காற்றில் பறந்து பிள்ளைகளின் மூக்கில் ஏறுவதுதான் மிச்சம். கழிவறையில் ஆசிட் ஊற்றிய இடத்தில் அதைக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை ஆயம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியவற்றில் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கிறது. மைதானத்தின் வடகிழக்கு மூலையில் உடைந்த மேசைகளும் பெஞ்சுகளும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. எங்கள் நோட்டில் தேள் என்று எழுதப்பட்ட நான்கு பதிவுகளும் அந்த மூலையில்தான். பழுதடைந்த தளவாடங்களை ஏலம் விட மேலிட ஒப்புதல் வேண்டும். கடிதம் எழுதி ஏழு மாதங்கள் ஆகின்றன, நினைவூட்டல் இரண்டு முறை போயிருக்கிறது. அதுவரை குவியலைத் தரையில் படாமல் செங்கல் வரிசை மேல் தூக்கி அடுக்கி, நான்கு பக்கமும் ஆறடி விட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம். காலையில் வாயிலைத் திறக்கும் முன் காவலர் அண்ணன் ஒரு நீண்ட கழியால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.